கேட்பார் அற்ற வடு: ‘கூளமாதாரி’, ‘வெக்கை’ நாவல்களில் பதின்பருவப் பாத்திரங்கள்

ஆய்வுச் சுருக்கம்

குழந்தைப் பருவத்தில் பட்ட காயம் பதின்பருவத்தில் வன்முறையாக வெளிப்படுவதைத் தமிழ் நாவல் எங்ஙனம் கையாள்கின்றது என்பதைப் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000), பூமணியின் ‘வெக்கை’ (1982) ஆகியவற்றை முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது. மேலைநாட்டு உளவடுக் கோட்பாடு, காயம்பட்டவரால் தம் காயத்தைச் சொல்ல இயலாமையை மையமாகக் கொள்கின்றது. இந்நாவல்களிலோ சொல்ல இயலாமையைவிடக் கேட்பதற்குரியவர் இல்லாமையே பாத்திரத்தின் போக்கை முடிவு செய்கின்றது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். வேலூர் - ஆம்பூர்த் தோல் தொழில் மண்டலத்து வாசகச் சூழலிலிருந்து இவ்வாசிப்பு நிகழ்த்தப்படுகின்றது.

திறவுச்சொற்கள்: உளவடு, பதின்பருவம், கொத்தடிமை முறை, செவிமடுத்தல், கூளமாதாரி, வெக்கை, தோல் தொழில்.

முன்னுரை

‘வெக்கை’ ஒரு கொலையோடு தொடங்குகின்றது. ‘கூளமாதாரி’ கிணற்று நீருக்குள் நிகழும் ஒரு சாவை நோக்கிச் சென்று முடிகின்றது. முன்னதில் வெட்டியவன் பதினைந்து வயதுச் சிதம்பரம். பின்னதில் கவுண்டரின் மகன் செல்வனை நீருக்குள் இழுத்துச் செல்பவன் ஆடு மேய்க்கும் சிறுவன் கூளையன். இருவரும் இன்னும் ஆண்மகன் என்று ஊர் எண்ணத் தொடங்காத வயதினர். இருவருக்கும் பின்னால் நெடிய காயம் ஒன்று உள்ளது. வன்முறை ஒரு நாவலில் முதலிலும் மற்றொன்றில் இறுதியிலும் வைக்கப்பட்டிருப்பது கதை சொல்லும் உத்தி மட்டுமன்று. காயத்திற்கும் செயலுக்கும் உள்ள உறவை ஆசிரியர்கள் எவ்வாறு புரிந்துகொண்டனர் என்பதற்கு அது சான்றாகின்றது.

ஆம்பூரை ஒட்டிய கல்லூரி ஒன்றில் இளங்கலை மாணவர்க்குக் ‘கூளமாதாரி’யின் சில பகுதிகளை இக்கட்டுரையாளர் வாசித்துக் காட்டியபோது எழுந்த ஒரு வினாவே இவ்வாய்வுக்குத் தூண்டுகோல். ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலைசெய்யும் தாயின் மகளான மாணவி ஒருவர், கூளையன் ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்கவில்லை. “அதுக்கு முன்னாடி அவன் யார்கிட்டயும் சொல்லலையா மேடம்?” என்று கேட்டார். நாவலைப் பலமுறை படித்திருந்தும் அவ்வினா அதுவரை இக்கட்டுரையாளர்க்குத் தோன்றியதில்லை. விடை தேடி நாவலுக்குத் திரும்பியபோது, சொல்லியிருந்தால் யாரிடம் சொல்லியிருக்க முடியும் என்னும் அடுத்த வினா எதிர்ப்பட்டது.

‘வடு’ என்னும் சொல்

‘டிராமா’ என்னும் கலைச்சொல்லுக்கு நிகராகத் தமிழில் அதிர்ச்சி, உளக்காயம், மன அதிர்வு எனப் பல சொற்கள் வழங்குகின்றன. அதிர்ச்சி என்பது ஒரு கணத்தில் நிகழ்ந்து முடிவது. காயம் என்பது ஆறக்கூடியது. இக்கட்டுரை ‘உளவடு’ என்னும் சொல்லைத் தேர்கின்றது. அடக்கமுடைமை அதிகாரத்தில் (குறள் 129) வள்ளுவர் தீ சுட்டதைப் புண் என்றும் நா சுட்டதை வடு என்றும் பிரித்துரைப்பது அறிந்ததே. உடலில் ஆறிய பின்னும் உள்ளத்தில் ஆறாது நிற்பதைச் சுட்ட அச்சொல் முன்பே நம்மிடம் இருந்துள்ளது. அன்றியும் வடு என்பது பிறர் கண்ணுக்குப் புலப்படும் தழும்பையும் குறிக்கும். பாத்திரத்தின் உடல்மீது ஊர் வைத்த அடையாளத்தைப் பேசுவதற்கும் அச்சொல் உதவுகின்றது.

உளவடுவை இலக்கியத் திறனாய்வுக்குள் கொணர்ந்தவர்களுள் கேத்தி கரூத் குறிப்பிடத்தக்கவர். 1996இல் வெளிவந்த தம் நூலில், பிராய்டு 1920இல் எடுத்தாண்ட ஓர் இத்தாலியக் காவியக் கதையை அவர் மீண்டும் வாசிக்கின்றார். தான் விரும்பிய பெண்ணை அறியாமல் கொன்றுவிட்ட வீரன் ஒருவன் பின்னொருநாள் காட்டில் ஒரு மரத்தை வெட்டுகின்றான். வெட்டுவாயிலிருந்து குருதி பெருக, அப்பெண்ணின் குரல் ஒலிக்கின்றது. நிகழ்ந்தபோது உணரப்படாத துயரம், தன்னையறியாமல் மீண்டும் நிகழ்த்தப்படும்போதுதான் குரல் பெறுகின்றது என்பது கரூத்தின் விளக்கம். இவ்விளக்கத்தில் ஒன்று கவனிக்கப்படாமல் நழுவுகின்றது. அக்கதையில் குரலைக் கேட்க ஒருவன் அங்கே நிற்கின்றான்.

மனநல மருத்துவத் துறையில் உளவடு நீண்ட காலம் வழக்கமான மானிட அனுபவ எல்லைக்கு அப்பாற்பட்ட நிகழ்வாகவே வரையறுக்கப்பட்டது. போர், விபத்து, பேரிடர் போன்றவை அதற்குள் அடங்கின. நாள்தோறும் நிகழ்வது அடங்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் லாரா பிரவுன், மரியா ரூட் முதலிய பெண்ணிய உளவியலாளர்கள் இவ்வரையறையை மறுத்தனர். ஒடுக்கப்பட்டோரின் அன்றாடத்தில் சிறிதுசிறிதாகச் சேரும் காயத்தையும் உளவடு என ஏற்க வேண்டும் என்பது அவர்தம் வாதம். ஆயினும் 1998இல் அமெரிக்காவில் பெலிட்டி, ஆண்டா முதலியோர் வெளியிட்ட குழந்தைப்பருவப் பாதக அனுபவங்கள் குறித்த புகழ்பெற்ற ஆய்வு ஏழு வகைமைகளையே கொண்டிருந்தது. உளவழி, உடல்வழி, பாலியல்வழிக் கொடுமைகள்; தாய் தாக்கப்படுதல்; வீட்டில் போதைக்கு அடிமையானவரோ மனநோயுற்றவரோ சிறைசென்றவரோ இருத்தல் என்பன அவை. ஏறத்தாழ அனைத்தும் வீட்டுச் சுவர்களுக்குள் நிகழ்வனவாகக் கருதப்படுபவை. ஆண்டுக் கூலிக்குப் பிறர் பட்டியில் விடப்பட்ட சிறுவனை இவ்வட்டவணைகொண்டு அளந்தால் அவன் பெறும் எண் மிகக் குறைவாகவே இருக்கக்கூடும். அவன் வீட்டில் குடியிருக்கவே இல்லை.

ஓர் ஐயத்தையும் இங்கே தீர்த்துக்கொள்வது நலம். பாத்திரம் என்பது சொற்களால் ஆனது. அதற்கு நனவிலி மனம் இல்லை. எனவே கூளையனையும் சிதம்பரத்தையும் நோயாளர்களாகக் கருதி நோயறிதல் செய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. காயம், அமைதி, செயல் ஆகியவற்றை நாவல் எவ்வரிசையில் அடுக்குகின்றது, யாரைப் பேச விடுகின்றது, யாரைக் கேட்க வைக்கின்றது என்பனவே ஆய்வுப் பொருள்.

கூளையன்: அன்றாடமே காயமாதல்

‘கூளமாதாரி’யின் சிறுவர் உலகில் முதலில் கண்ணில் படுவன பெயர்கள். கூளையன், நெடும்பன், வவுறி, செவிடி, மொண்டி. குட்டையானவன், நெட்டையானவன், வயிறு, காது கேளாதவள், கால் ஊனம் என ஒவ்வொரு பெயரும் உடலின் ஒரு குறையையோ மிகையையோ சுட்டி நிற்கின்றது. கவுண்டரின் மகன் பெயரோ செல்வன். பெயரிடுதலிலேயே ஒரு பக்கம் செல்வமும் மறுபக்கம் ஊனமும் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளன. நாவலாசிரியர் இதனை எங்கும் விளக்கி எழுதவில்லை. சிறுவர்களும் அப்பெயர்களாலேயே ஒருவரையொருவர் விளையாட்டாக அழைத்துக்கொள்கின்றனர். வடுவைப் பெயராக ஏற்று, அப்பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கும் நிலையைக் காட்டிலும் ‘அன்றாடத்தில் சேரும் காயம்’ என்னும் கருத்துக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கூளையனின் வேலை நாள் விடியுமுன் தொடங்குகின்றது. சாணம் அள்ளுதல், பட்டி திறத்தல், ஆடு ஓட்டுதல், எட்டி நின்று உணவு பெறுதல் என அது நீள்கின்றது. அவனது உழைப்பின் விலையைப் பேசுபவர் தந்தை, பெறுபவரும் தந்தை. இங்கே பெற்றோரைக் கொடியவர் என்று நாவல் சித்திரிக்கவில்லை என்பது முதன்மையானது. அவர்களும் அதே கட்டுக்குள் இருப்பவர்கள். மகன் பட்ட அடியைக் கேட்டுச் சினம் கொள்ளும் உரிமைகூட அவர்களுக்கு இல்லை. சினம் கொண்டால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். எனவே மகனின் துன்பத்தைக் கேட்பது என்பதே அவர்களால் தாங்க இயலாத கடனாக மாறிவிடுகின்றது. தாயிடம் சொல்லவில்லையா என்னும் வினாவுக்கு நாவல் தரும் விடை இதுதான். சொல்லலாம், சொல்வதால் தாய்க்குத் துன்பம் கூடுமேயன்றி வேறொன்றும் நிகழாது. ஆறேழு வயதிலேயே இக்கணக்கைக் கற்றுக்கொள்ளும் பிள்ளை பேச்சைச் சுருக்கிக்கொள்கின்றது.

இதற்கு மாறாக, வெளியில் அவன் பேசிக்கொண்டே இருக்கின்றான். ஆடுகளோடு பேசுகின்றான்; நண்பர்களோடு சிரிக்கின்றான்; பனங்காட்டில் விளையாடுகின்றான். நாவலின் பெரும்பகுதி இவ்வின்பங்களால் ஆனது. இதனால் இந்நாவலை ஆயர்வாழ்வுச் சித்திரமாகவும் வட்டார வழக்கின் களஞ்சியமாகவும் மட்டும் காணும் போக்கு நம் துறைகளில் உண்டு. இக்கட்டுரையாளரின் முதுகலைக் காலக் குறிப்பேட்டிலும் கொங்கு வட்டாரச் சொற்பட்டியல் ஒன்றே மிஞ்சியுள்ளது. ஆனால் கூளையனின் மகிழ்ச்சி காயத்தின் மறுப்பன்று. சக சிறுவர்களுக்குள் ஒரு கேட்புச் சூழல் இருக்கின்றது. அங்கே அவன் முழு மனிதன். அச்சூழலுக்கு அதிகாரம் இல்லை என்பதே சிக்கல். நெடும்பன் கேட்கலாம், ஆனால் தடுக்க முடியாது. கேட்பவருக்குத் தடுக்கும் ஆற்றலோ கேள்வி கேட்கும் ஆற்றலோ சிறிதேனும் இருந்தால்தான் சொல்வது பயனுள்ள செயலாகும்.

கிணறு

தேங்காய் திருடிய குற்றத்திற்காகக் கூளையன் கிணற்றுக்குள் தலைகீழாகத் தொங்கவிடப்படும் நிகழ்ச்சி நாவலின் திருப்புமுனை. அடிகளும் வசவுகளும் முன்பே நிகழ்ந்தவைதாம். எனினும் இத்தண்டனை வேறு தன்மையது. அடியில் அடிப்பவரின் கை நெருக்கம் உள்ளது. தொங்கவிடுவதில் அதுவும் இல்லை. கயிறும் வெற்றிடமும் கீழே இருண்ட நீரும் மட்டுமே உள்ளன. உயிர் தன் கையில் இல்லை என்பதை உடல் முழுவதும் ஒருசேர அறியும் கணம் அது. மேலே நிற்பவர் கேட்க விரும்பும் ஒரே ஒலி கெஞ்சல். அதைத் தவிர வேறெதையும் கிணற்றுக்குள்ளிருந்து சொல்ல இயலாது.

கிணறு அதற்கு முன்பு கூளையனுக்கு விளையாட்டிடமும்கூட. கோடையில் ஆட்டுக்காரச் சிறுவர்க்கு நீச்சல் ஒன்றே செலவற்ற களிப்பு. இன்பத்திற்குரிய இடமே தண்டனைக்குரிய இடமாக மாற்றப்படுகின்றது. நாவலின் இறுதியில் கிணறு மூன்றாம் முறை வேறு பொருளில் வருகின்றது. செல்வனும் கூளையனும் நீருக்குள் இருக்கின்றனர். விளையாட்டாகத் தொடங்கியது எந்தக் கணத்தில் விளையாட்டின் எல்லையைக் கடக்கின்றது என்பதை ஆசிரியர் வரையறுத்துக் காட்டவில்லை. கொலை என்று சொல்ல வாசகருக்குத் துணிவு வருவதில்லை. விபத்து என்று சொல்ல மனம் ஒப்புவதில்லை.

கரூத்தின் கோட்பாடு இவ்விடத்திற்குப் பெரிதும் பொருந்துவதுபோல் தோன்றும். அன்று நீருக்கு மேல் தொங்கியவன் இன்று மற்றொருவனை நீருக்குக் கீழே கொண்டுசெல்கின்றான். உணரப்படாத துயரம் மீண்டும் நிகழ்த்தப்படுகின்றது. இவ்வளவில் அவ்வாசிப்பு சரியானதே. ஆனால் கூளையன் தன் காயத்தை அறியாதவன் அல்லன். அவன் நன்கறிவான். செல்வனோடு அவனுக்கிருந்த உறவு நட்பும் ஏவலும் கலந்தது. இரவில் இருவரும் சேர்ந்து காவலுக்குப் படுப்பதுண்டு. பகலில் செல்வன் பள்ளிக்குப் போவான், கூளையன் ஆட்டின் பின் போவான். விளையாட்டில் சமமாக இருந்துவிட்டு மறுகணம் கவுண்டர் மகனாக மாறிவிடும் உரிமை செல்வனிடம் மட்டுமே இருக்கின்றது. கூளையனுக்கு அத்தகைய மாற்று உரு எதுவும் இல்லை. நீருக்குள் மட்டும் அவ்வுரிமை செல்லாததாகின்றது, ஏனெனில் அங்கே ஏவல் சொல்ல வாய் திறக்க முடியாது. கூளையன் பேசிய மிக நீண்ட பேச்சு இவ்விறுதிச் செயலே என்று இக்கட்டுரையாளர் கருதுகின்றார். அதைக் கேட்க வேண்டியவர் செல்வன் அல்லர் என்பதுதான் அதன் கொடுமை.

சிதம்பரம்: கைக்கும் உயிருக்கும் இடையில்

‘வெக்கை’யில் சிதம்பரத்தின் காயம் தெளிவானது. குடும்பத்தின் நிலத்தின்மீது கண்வைத்த வடக்கூரான் அவன் அண்ணனைக் கொல்வித்தான். மூத்தவன் இல்லாத வீட்டில், பெரியவர்கள் செய்யாதிருந்த ஒன்றை இளையவன் செய்கின்றான். ஆனால் அவன் எண்ணியது கொலையன்று. வடக்கூரானின் கையை வெட்டுவதே. வெட்டு தவறி உயிர் போய்விடுகின்றது. நாவல் இத்தவறுதலோடு தொடங்குவதை ஆய்வாளர்கள் பொதுவாகப் பரபரப்பான தொடக்கம் என்று சொல்லிக் கடந்துவிடுகின்றனர். எண்ணியதற்கும் நிகழ்ந்ததற்கும் உள்ள இவ்விடைவெளியிலேதான் அவனது பதின்பருவம் முழுவதும் உள்ளது. அளந்து செய்யும் கை இன்னும் வளரவில்லை. அளவிறந்த துயரம் முன்பே வந்துவிட்டது.

அதன்பின் ஏறத்தாழ எட்டு நாள் தந்தையும் மகனும் தலைமறைவாகத் திரிகின்றனர். காடு, மலைச்சரிவு, ஓடை, கோயில் என இடங்கள் மாறுகின்றன. இப்பகுதியில் நிகழ்வன பெரும்பாலும் சிறு செயல்கள்: உணவு தேடுதல், சமைத்தல், படுக்க இடம் பார்த்தல், நீர் இருக்கும் திசை அறிதல். ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதிய நூலில் உளவடுவிலிருந்து மீளும் வழியை மூன்று படிகளாக வகுத்தார். முதலில் பாதுகாப்பு, அடுத்து நினைவுகூர்தலும் துக்கம் காத்தலும், பின்னர் வாழ்வோடு மீண்டும் இணைதல். பூமணி அவருக்குப் பத்தாண்டு முன்பே எழுதினார். கோட்பாடு எதையும் கருதி எழுதவில்லை. எனினும் தந்தையின் நடத்தை இவ்வரிசையிலேயே செல்வது வியப்பளிக்கின்றது. முதலில் பசி தீர்க்கப்படுகின்றது. உறங்க இடம் கிடைக்கின்றது. பேச்சு அதற்குப் பின்னரே மெல்ல வருகின்றது. தந்தை மகனை நிறுத்திவைத்து விசாரிப்பதில்லை. பாராட்டிக் கொண்டாடுவதும் இல்லை. தம் கடந்த காலத்தைச் சொல்கின்றார். இறந்த மூத்த மகனைப் பற்றிய பேச்சு இடையிடையே வந்து போகின்றது. ஊரில் இருந்திருந்தால் இருவருக்கும் இவ்வளவு நேரம் சேர்ந்திருக்க வாய்த்திராது. துக்கம் காக்கக் கிடைக்காத நாள்கள் தலைமறைவு நாள்களாக அவர்களுக்குக் கிடைக்கின்றன.

இங்கே சிதம்பரத்தின் அச்சம், பெருமிதம், தாய்மீதான ஏக்கம் ஆகிய அனைத்தும் உரையாடலாக வெளிவருகின்றன. நாவலின் நடை பெரும்பாலும் உரையாடலால் ஆனது என்பதை மொழிநடை ஆய்வுகள் சுட்டியுள்ளன. அந்நடைக்கு உளவியல் காரணமும் உண்டு. கேட்பவர் அருகில் இருக்கின்றார். ‘கூளமாதாரி’யில் கூளையனின் அகத்தை ஆசிரியர் கூற்றே சுமக்க வேண்டியிருக்கின்றது, ‘வெக்கை’யில் சிதம்பரமே பேசிவிடுகின்றான்.

இதனால் சிதம்பரம் நலமடைந்தான் என்று கொள்ள நாவல் இடந்தரவில்லை. நீதிமன்றத்தில் சரணடையச் செல்லும் வழியில் நாவல் முடிகின்றது. பதினைந்து வயதுச் சிறுவன் தன் செயலோடு சட்டத்தின் முன் நிற்கப் போகின்றான். தந்தையின் செவி அவன் செய்ததை மாற்றவில்லை. அடுத்த கொலையைத் தடுத்தது எனலாம். அவனைத் தன் செயலைவிடப் பெரியவனாக வைத்திருந்தது எனலாம். இதற்கு மேல் கூறுவது நாவலுக்கு இல்லாத ஆறுதலை நாம் கொடுப்பதாகும்.

2019இல் இந்நாவலைத் தழுவி வந்த ‘அசுரன்’ திரைப்படத்தைப் பற்றி ஒரு சொல். படம் தந்தையை நாயகனாக்கி, அவரது இளமைக் காலத்தை விரித்துரைக்கின்றது. திரைக்கதையின் தேவை அது. ஆயினும் நாவலில் மகனுக்குக் காது கொடுத்தவர் படத்தில் தம் கதையைச் சொல்பவராகின்றார், மகன் கேட்பவனாகின்றான். படத்தின்வழி நாவலுக்கு வரும் இன்றைய மாணவர்கள் ‘வெக்கை’யைப் பழிவாங்கும் கதையாகவும் தந்தையின் வீரக் கதையாகவும் படிப்பதற்கு இம்மாற்றம் ஒரு காரணம்.

தோல் மண்டலத்திலிருந்து

கரிசல் நிலத்தையும் கொங்கு நாட்டையும் சேர்ந்த இவ்விரு நாவல்களைப் பாலாற்றங்கரையில் இருந்து படிப்பதற்குக் காரணம் உண்டு. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் குழந்தைகளை ஈடுபடுத்தக் கூடாத தொழில்கள் என்று தொகுத்த பட்டியலில் தோல் பதனிடுதல், பீடி சுற்றுதல், தீப்பெட்டி - வெடிபொருள் தயாரித்தல் ஆகிய மூன்றும் இடம்பெற்றன. முதல் இரண்டும் வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்தின் தொழில்கள். மூன்றாவது பூமணியின் கோவில்பட்டிப் பகுதிக்குரியது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆயினும் இருபதாண்டுகளுக்குப் பின்னர், 1996இல், ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை, வட ஆர்க்காட்டுப் பகுதியில் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பீடி சுற்றிய சிறுவர்களைப் பதிவு செய்துள்ளது. கூளையனின் தந்தை வாங்கிய பணமும் இதுவும் தன்மையால் ஒன்றே. பிள்ளையின் உடலைப் பிணையாக வைத்த கடனுக்குப் பின், பிள்ளையின் முறையீட்டைப் பெற்றோர் கேட்க முடியாமற் போகின்றது.

அதே 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28 அன்று வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு சூழலியல் சட்ட வரலாற்றில் பெயர் பெற்றது. தோல் தொழில் மண்டலத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகாததாயிற்று என்னும் மதிப்பீடும், திண்டுக்கல் பகுதியில் ஆய்வு செய்யப்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின என்னும் கணக்கும் அத்தீர்ப்பில் உள்ளன. கெட்ட கிணற்றை உடைய உழவரின் பிள்ளை எங்கே போயிற்று என்பதைத் தீர்ப்புகள் சொல்வதில்லை. அதைச் சொல்வது புனைகதையின் வேலை.

திண்டுக்கல் தோல் ஷாப்புகளைக் களமாகக் கொண்ட டி.செல்வராஜின் ‘தோல்’ (2010) அவ்வேலையைச் செய்த நாவல். 2012ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஓசேப்பு முதலான தொழிலாளர்கள் சுண்ணாம்புக் குழியில் நின்று தோல் உழைப்பதையும், முன்பணத்தால் கட்டுண்டு கிடப்பதையும், பின்னர்ச் சங்கமாகத் திரள்வதையும் அது விரித்துரைக்கின்றது. சுண்ணாம்பு நீர் கைகால்களை அரிப்பது உடலில் காணும் வடு. ‘தோல்’ என்னும் தலைப்பு பதனிடப்படும் விலங்கின் தோலையும் பதனிடுபவரின் தோலையும் ஒருங்கே சுட்டுகின்றது. அந்நாவலில் கேட்கும் செவி தந்தையினுடையதன்று, சங்கத்தினுடையது. காயத்தைச் சொல்வது அங்கே கோரிக்கையாக மாறிவிடுகின்றது. கோரிக்கைக்கு எட்டாத காயங்கள், குறிப்பாகச் சிறுவர்களுக்கே உரியவை, சங்கக் கூட்டத்தில் எழுதப்படும் மனுவுக்குள் அடங்குவதில்லை என்னும் குறையும் உடன் சொல்லத்தக்கது.

வட ஆர்க்காட்டுத் தோல் தொழில் வட்டாரத்திற்குத் தம் கதைகளில் முகம் கொடுத்தவர் பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவன். அவரது படைப்புலகில் இம்மண்ணின் தலித் வாழ்வு விரிவாகப் பதிவாகியுள்ளது. எனினும் இக்கட்டுரையாளர் படித்த அளவில், இம்மண்டலத்தைக் களமாகக் கொண்டு பதின்பருவத்தினன் ஒருவனின் அகத்தை முதன்மைப்படுத்தும் நாவல், கூளையனுக்கும் சிதம்பரத்துக்கும் நிகராக, இன்னும் உருவாகவில்லை. திரையரங்கில் சோடா விற்கும் சிறுவர்களைப் பெருமாள்முருகன் 1993இலேயே ‘நிழல் முற்ற’த்தில் எழுதிவிட்டார். தாய் காலணித் தொழிற்சாலைக்கும் தந்தை தோல் ஷாப்பின் இரவு முறைக்கும் சென்றபின் தனியே வளரும் ஆம்பூர்ச் சிறுவனின் கதை தனிவகையானது. அங்கே பெற்றோர் கொடுமை செய்வதில்லை, வீட்டில் இருப்பதில்லை.

செவிமடுத்தல் குறித்து இவ்வூரிலிருந்து பேசும்போது மற்றொன்றையும் மறக்க முடியாது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையம் 1957இல் தொடங்கப்பட்டது. நோயாளியோடு குடும்பத்தினரும் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கும் முறையை இந்தியாவில் முன்னெடுத்த நிறுவனங்களுள் அது ஒன்று. தனியறையில் மருத்துவரும் நோயாளியும் மட்டும் பேசும் மேலை முறைக்கு அது மாற்று. ‘வெக்கை’யின் எட்டு நாள்கள் அம்முறையின் புனைகதை வடிவம்போல் அமைகின்றன. உறவினர் உடனிருந்து, சமைத்து, உண்டு, உறங்கி, இடையில் பேசுகின்றார். அம்முறைக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: உடன் தங்க உறவினருக்குக் கூலி இழக்கும் வசதி வேண்டும். சிதம்பரத்தின் தந்தைக்குச் சொந்த நிலம் இருந்தது. அந்நிலத்திற்காகவே பகை மூண்டது. கூளையனின் தந்தைக்கு நிலம் இல்லை. ஒரு நாள்கூட மகனோடு நடக்க அவரால் இயலாது. ஒரு சிறுவனுக்குச் செவி வாய்ப்பதும் வாய்க்காததும் அன்பின் அளவால் மட்டும் முடிவாவதில்லை. நிலவுடைமையும் அதில் பங்கு கொள்கின்றது. சாதிப்பெயரை வெளிப்படையாகச் சுட்டாமலே பூமணியும், மாதாரி என்னும் சாதிப்பெயரைத் தலைப்பிலேயே ஏற்றிப் பெருமாள்முருகனும் இவ்வேறுபாட்டைப் பதிந்துள்ளனர். மாதாரி என்னும் சாதிப்பெயர் தோலோடு தொடர்புடைய மக்களைச் சுட்டுவது என்பதும் இம்மண்டல வாசகர்க்கு விளக்கம் வேண்டாத செய்தி.

செல்வன்

இவ்வாசிப்பில் இதுவரை விடுபட்டவன் செல்வன். அவனும் பதின்பருவத்தினனே. கூளையன் கிணற்றில் தொங்கவிடப்பட்டபோது அவ்வீட்டில் வளர்ந்த பிள்ளை அவன். தண்டிக்கும் தந்தையைக் கண்டு வளர்வதும் ஒரு காயமே. நண்பனிடம் நண்பனாகவும் ஏவுபவனாகவும் மாறி மாறி நடந்துகொள்ளக் கற்றது அவனது தேர்வு என்று சொல்லிவிட இயலாது. ஆனால் நாவல் கூளையனைப் பின்தொடர்வதால், செல்வனின் அகம் நமக்குப் பெரும்பாலும் மூடியே இருக்கின்றது. நீருக்குள் இழுக்கப்படும் கணத்தில் அவன் என்ன எண்ணினான் என்பதை அறிய வழியில்லை. இதனை ஆசிரியரின் ஓரவஞ்சனை எனக் கூறுவது பொருந்தாது. கதையின் நியாயம் அவ்விடத்தை வேறொருவனுக்கு வழங்கியுள்ளது. எனினும் கேட்பார் அற்ற வடுவின் விலையை இறுதியில் செலுத்தியவன் மற்றொரு சிறுவன். வாங்கிய முன்பணத்துக்கோ தண்டனைக்கோ பொறுப்பானவர் எவரும் அந்நீருக்குள் இல்லை. கவுண்டர் வீட்டுப் பிள்ளைகளின் நோக்கில் ‘கூளமாதாரி’யை வாசிக்கும் தனிக் கட்டுரை ஒன்றுக்கு இடமுண்டு. ‘வெக்கை’யில் வடக்கூரானின் வீட்டாரை நோக்கியும் அதே வினாவை எழுப்பலாம்.